மணிக்கட்டு எலும்புக்குக் கோன் பீம் சிடி: புதுச்சேரியில் மூன்று ஸ்கேன், நடுவில் ஒரு ஆபரேஷன்

கையை ஊன்றி விழுந்தீர்கள், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள், இரண்டு வாரம் ஆகியும் கட்டை விரலுக்குக் கீழே வலி போகவில்லை என்றால், எலும்பு டாக்டர் ஒருவரைப் பார்த்து, கோன் பீம் சிடி (எலும்பை முப்பரிமாணமாகக் காட்டும் ஒரு வகை ஸ்கேன்) எடுக்கலாமா என்று கேளுங்கள். அவர் எழுதிக் கொடுத்தால் பாண்டியில் நாங்கள் போன இந்த ஸ்கேன் சென்டருக்குத் தயங்காமல் வரலாம். இங்கே குறைகளும் இருக்கின்றன, அதையும் சொல்கிறேன். ஆனால் என் தம்பியின் வலது கை இன்றைக்கு உளி பிடிக்கிறது என்றால் அதில் இந்த ஸ்கேனுக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தம்பி கடலூர் முதுநகரில் விசைப்படகு கட்டும் இடத்தில் தச்சு வேலை செய்கிறான். பாண்டியிலிருந்து பைக்கில் வரும்போது ரெட்டிச்சாவடி தாண்டி ரோட்டோரம் கொட்டிக் கிடந்த மணலில் வண்டி சறுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்துவிட்டான். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. முழங்கையில் சிராய்ப்பு, மணிக்கட்டில் லேசான வீக்கம், அவ்வளவுதான். அன்று ராத்திரியே கடலூரில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். இரண்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பு நன்றாக இருக்கிறது, சுளுக்குதான் என்று துணிக்கட்டு சுற்றி, வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான்காம் நாளே வேலைக்குப் போய்விட்டான். சாப்பிட முடிந்தது, சட்டைப் பட்டன் போட முடிந்தது. ஆனால் இழைப்புளியைத் தள்ளினால் சுரீர் என்று ஒரு வலி, ஈரத் துணியைப் பிழிய முடியவில்லை, பூட்டில் சாவியைத் திருப்ப இடது கைதான். அம்மா தினமும் ஒத்தடம் கொடுத்தார்கள், பக்கத்து வீட்டு அத்தை நாட்டுக் கட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். பதினெட்டாம் நாள் ராத்திரி தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போய் நட்ட நடுவீட்டில் கீழே போட்டுவிட்டான். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பாண்டிக்குக் கிளம்பிவிட்டோம்.

அங்கே பார்த்த எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை அப்புறம்தான் கையில் எடுத்தார். முதலில் கட்டை விரலை மேல்நோக்கி நன்றாக விரிக்கச் சொன்னார். விரிக்கும்போது விரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம், இரண்டு நாண்களுக்கு நடுவே சின்னதாக ஒரு பள்ளம் விழும், உங்கள் கையிலேயே பார்க்கலாம். அந்தப் பள்ளத்தில் தன் விரல் நுனியை வைத்து அழுத்தினார். தம்பி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். "இது சுளுக்கு இல்லம்மா, மணிக்கட்டுல ஸ்கேபாய்டுன்னு ஒரு சின்ன எலும்பு, அது மேல எனக்குச் சந்தேகம். கோன் பீம் சிடி எடுத்துட்டு வந்துடுங்க, இன்னைக்கே பார்த்துடலாம்" என்றார்.

முதல் கிளினிக்கைப் பற்றி என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரேயில் தெரியாமல் போனது அவர்கள் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஸ்கேபாய்டு முறிவு முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் ஒளிந்துகொள்வது உலகம் முழுக்க நடப்பதுதான். ஆனால் அப்படி ஒளிந்துகொள்ளும் என்று தெரிந்ததால்தான், அந்தப் பள்ளத்தில் வலி இருந்தால் கட்டை விரலையும் சேர்த்து அசையாமல் கட்டிவிட்டு, பத்துப் பதினைந்து நாளில் மறுபடி படம் எடுக்கச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அந்த இடத்தை யாரும் அழுத்திக்கூடப் பார்க்கவில்லை, திரும்பி வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஏன் இந்த ஒரு எலும்புக்கு இவ்வளவு பதற்றம் என்று நானும் அன்றைக்குக் கேட்டேன். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. அதில் கட்டை விரல் பக்கம் இருப்பது இது. படகு மாதிரி வளைந்திருப்பதால் கிரேக்கத்தில் படகு என்ற சொல்லிலிருந்தே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல முந்திரிக்கொட்டை அளவுதான் இருக்கும். இதற்கு ரத்தம் போகும் வழிதான் சிக்கல். பெரும்பாலான ரத்தம் விரல் பக்கத்து முனையில் நுழைந்து, பின்னோக்கி முழங்கைப் பக்கத்து முனைக்குப் போகிறது. நடுவில் உடைந்தால் பின் துண்டுக்கு ரத்தம் அறுந்துபோகலாம். கவனிக்காமல் விட்டால் எலும்பு சேராமலே நின்றுவிடலாம், அந்தத் துண்டு செத்தும் போகலாம், பிறகு சில வருடங்களில் மணிக்கட்டு முழுவதும் தேய்மானம். கையை வைத்துப் பிழைக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

சரி, சென்டருக்கு வருகிறேன். பத்தரை மணிக்குப் போனோம், பதினொன்றே காலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். சிடி என்றதும் நான் நினைத்தது அந்தப் பெரிய வளையமும் உள்ளே நழுவிப் போகும் படுக்கையும். இது அப்படி இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இடுப்பளவு உயரத்தில் இருக்கும் ஒரு தடித்த வளையத்துக்குள் கையை மட்டும் நுழைத்துக்கொள்ள வேண்டும். உடம்பு முழுவதும் வெளியே. ஈயக் கவசம் மாட்டிவிட்டார்கள்.

ஸ்கேன் எடுத்த டெக்னீஷியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கையை உள்ளே வைத்ததும் எடுத்துவிடவில்லை. முழங்கைக்குக் கீழே ஒரு ஸ்பாஞ்ச், உள்ளங்கைக்குக் கீழே இன்னொன்று, விரல்களுக்கு மேலே மெல்லிய பட்டை. அப்புறம் தள்ளி நின்று தோளைப் பார்த்தார், "அண்ணா, தோள் தூக்கிட்டிருக்கு, அது தூக்கினா கை நடுங்கும்" என்று சொல்லி நாற்காலியை இரண்டு விரல்கடை இறக்கினார். வலியில் விரல் துடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து மூன்று நிமிடம் சும்மா காத்திருந்தார், வெளியே ஆள் காத்துக்கொண்டிருந்தும். ஸ்கேன் ஓடியது அரை நிமிடம் இருக்கும். அந்த அரை நிமிடத்துக்காகப் பத்து நிமிடம் செலவழித்தார்.

அது எவ்வளவு முக்கியம் என்று பின்னால்தான் புரிந்தது. வழக்கமான சிடியில் விசிறி மாதிரி மெல்லிய கதிர், ஆளைப் படுக்கையோடு நகர்த்திக்கொண்டே வேகமாகச் சுற்றிச் சுற்றி எடுப்பார்கள். கோன் பீமில் கதிர் கூம்பு மாதிரி விரிந்து, அந்தப் பக்கம் இருக்கும் தட்டையான டிடெக்டர் முழுவதிலும் ஒரே நேரத்தில் விழுகிறது. நகர்த்த வேண்டியதில்லை, எலும்பைச் சுற்றி ஒரே ஒரு சுற்று. அந்தச் சுற்றில் நூற்றுக்கணக்கில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டர் சேர்த்து முப்பரிமாணமாகக் கட்டிவிடுகிறது. மெஷின் சின்னது, கதிரும் பொதுவாகக் குறைவு. ஆனால் சுற்றுவது மெதுவாக. அந்த நேரத்தில் கை ஒரு மில்லிமீட்டர் ஆடினாலும் படம் கலங்கிவிடும், மெல்லிய விரிசல் அந்தக் கலங்கலில் மறைந்துவிடும். நல்ல மெஷின் இருந்தும் பொறுமையான ஆள் இல்லாத இடத்தில் இந்த ஸ்கேன் வீண். இந்த சென்டருக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது அந்த ஸ்பாஞ்சுக்கும் அந்த மூன்று நிமிடத்துக்கும்தான்.

படத்தை டாக்டர் எங்களுக்கே காட்டினார். முதலில் குறுக்கே வெட்டிய படங்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேபாய்டு மணிக்கட்டில் நேராக இருக்காது, சாய்வாகப் படுத்திருக்கும். அதனால் கையை நேராக வெட்டிப் பார்த்தால் இந்த எலும்பு கோணலாகத்தான் வெட்டுப்படும், சாய்த்து நறுக்கிய முருங்கைக்காய் மாதிரி. அவர் மவுஸை இழுத்து, அந்த எலும்பின் நீளவாக்கிலேயே ஒரு வெட்டை வைத்தார். கண் முன்னால் அப்படியே வந்து நின்றது: எலும்பின் இடுப்பில், அதாவது அதன் நடுப்பகுதியில், குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, ஒரு பக்கம் சின்னப் படி மாதிரி விலகல். ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எக்ஸ்ரேயில் நான்கு முறை பார்த்தும் தெரியாதது. படம் ஐந்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவுள்ள சின்னச் சின்னக் கட்டிகளால் ஆனது, எல்லாப் பக்கமும் ஒரே அளவு, அதனால் எந்தச் சாய்வில் வெட்டினாலும் தெளிவு குறையாது என்றார். நல்ல புது சிடி மெஷினிலும் இப்படி வெட்டிப் பார்க்கலாம், அதையும் அவரே சொன்னார். கைக்கு மட்டும் பார்க்க வேண்டியிருக்கும்போது உட்கார்ந்தபடியே, குறைந்த கதிரில் வேலை முடிகிறது என்பதுதான் இதில் லாபம்.

விலகல் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியதாலும் விழுந்து பத்தொன்பது நாள் ஆகி, இடையில் வேலையும் செய்துவிட்டதாலும் வெறும் மாவுக்கட்டு வேண்டாம், ஸ்க்ரூ போட்டுவிடலாம் என்று முடிவானது. ஹெர்பர்ட் ஸ்க்ரூ என்று பெயர். தலை கிடையாது, எலும்புக்குள்ளேயே முழுவதும் புதைந்துவிடும். இரண்டு முனையிலும் மரை இருக்கிறது, ஆனால் மரையின் இடைவெளி ஒரு முனையில் அகலம், மறு முனையில் நெருக்கம். அதனால் முறுக்க முறுக்க இரண்டு துண்டும் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்கின்றன. இதைக் கேட்டதும் தம்பியின் முகம் மாறியது, பலகையைப் பலகையோடு இறுக்குவதுதானே அவன் தொழில். இந்த ஸ்க்ரூவைப் பற்றி ஆஸ்திரேலிய மருத்துவர் ஹெர்பர்ட்டும் அவரோடு ஃபிஷரும் கட்டுரை வெளியிட்டது 1984இல். கூம்புக் கதிர்ப் படங்களைச் சேர்த்து முப்பரிமாணமாக்கும் கணக்கை ஃபெல்ட்கேம்ப், டேவிஸ், கிரெஸ் என்று மூன்று பேர் வெளியிட்டதும் அதே 1984இல்தான், அவர்கள் வேலை பார்த்தது ஃபோர்டு கார் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வேலைகள், இத்தனை வருடம் கழித்துக் கடலூர்த் தச்சன் ஒருவனின் மணிக்கட்டில் வந்து சேர்ந்திருக்கின்றன.

ஆபரேஷன் நடந்தது வேறு ஆஸ்பத்திரியில். அங்கே தியேட்டருக்குள்ளேயே 3டி சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே மெஷின் இருந்தது, அதுவும் கோன் பீம்தான். சாதாரண சி-ஆர்ம் ஆங்கில எழுத்து சி மாதிரி வளைந்திருக்கும், அதில் வருவது தட்டையான நிழற்படம், எக்ஸ்ரே மாதிரியே. வளைந்த எலும்பில் ஸ்க்ரூ உள்ளே இருக்கிறதா, நுனி வெளியே துருத்துகிறதா என்பதை நிழலை வைத்துச் சொல்வது கஷ்டம். ஒரு கோணத்தில் உள்ளே இருப்பது போலவே தெரியும். 3டி வகையில் அந்த வளைவு தானாகவே கையைச் சுற்றி வந்து படம் எடுக்கும். எல்லோரும் கவசத்துக்குப் பின்னால் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்து பார்ப்பார்களாம். எங்கள் கேஸில் தட்டையான படத்தில் 22 மில்லிமீட்டர் ஸ்க்ரூ கச்சிதமாக இருந்ததாம். 3டியில் பார்த்தால் நுனி ஒரு மயிரிழை மூட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அங்கேயே கழற்றி 20 மில்லிமீட்டர் போட்டு, மறுபடி ஒரு சுற்று எடுத்துப் பார்த்துத் தைத்திருக்கிறார்கள். கழற்றிய ஸ்க்ரூவை டாக்டர் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் காட்டினார். அரிசி முளை மாதிரி இருந்தது. அது உள்ளேயே இருந்திருந்தால் ஒவ்வொரு முறை கையை மடக்கும்போதும் குருத்தெலும்பைச் சீவிக்கொண்டே இருந்திருக்கும், சில மாதம் கழித்து வலி என்று போய், இன்னொரு மயக்க மருந்து, இன்னொரு ஆபரேஷன். குதிகால் எலும்பு நொறுங்கினால், முழங்காலில் கீழெலும்பின் மேல்தளம் அமுங்கினால், இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் ஸ்க்ரூ போடும்போது, இதே மாதிரி டேபிளிலேயே சரிபார்த்துக்கொள்கிறார்கள். வீட்டில் யாருக்காவது மூட்டுக்குள் முறிவு ஆபரேஷன் என்றால், தியேட்டரில் 3டி சி-ஆர்ம் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

மூன்று மாதம் கழித்து எலும்பு சேர்ந்துவிட்டதா என்று பார்க்க மறுபடி இதே சென்டர். அன்றைக்கு எங்களுக்கு முன்னால் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார், கரும்பு லாரியிலிருந்து இறங்கும்போது பாதம் பிசகி மாதக்கணக்கில் வீக்கம். எங்கெங்கோ படுக்க வைத்து எடுத்த படத்தில் எல்லாம் சரியாக இருந்ததாம். இங்கே அவரை அந்த வளையத்துக்குள் நிற்க வைத்தே எடுத்தார்கள். படுத்திருக்கும்போது பாதத்தில் பாரமே இல்லை, நடுப்பாத எலும்புகளைக் கட்டியிருக்கும் நார் அறுந்திருந்தாலும் எலும்புகள் தத்தம் இடத்தில் சமர்த்தாக இருக்கும். உடம்புப் பாரம் இறங்கினால்தான் இடைவெளி விரியும், பாதத்தின் வளைவு அமுங்கும். நிற்க வைத்து முப்பரிமாணத்தில் எடுப்பது படுக்கை சிடியில் நடக்காத காரியம். பெரியவருக்கு நிற்பதே வேதனையாக இருந்தது, அவர் மகன் வெளியே கண்ணாடி வழியாக "அப்பா, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறது, ஆனால் உயரமான ஆளுக்கு ஏற்ற மாதிரி இருக்கிறது, குள்ளமானவர்களுக்கு எட்டாது. இதைக் கவுன்ட்டரில் சொல்லிவிட்டு வந்தேன்.

குறைகளுக்கு வந்துவிட்டதால் மிச்சத்தையும் சொல்கிறேன். முதல் தடவை படங்களைப் போட்டுக் கொடுத்த டிஸ்க் டாக்டரின் கம்ப்யூட்டரில் திறக்கவே இல்லை, அதிலிருந்த சாஃப்ட்வேர் ஓடவில்லை. ஃபிலிம் மட்டும் இருந்தது, ஆனால் ஃபிலிமில் இருப்பது அவர்கள் தேர்ந்தெடுத்த வெட்டுகள் மட்டும். நீளவாக்கில் வெட்டிப் பார்க்க முழு டேட்டா வேண்டும், அதுதானே இந்த ஸ்கேனின் உயிரே. நான் ஆட்டோ பிடித்துத் திரும்பி ஓடி, பென்டிரைவில் டைகாம் கோப்புகளாக (ஸ்கேனின் முழு டேட்டாவும் இருக்கும் வகை) வாங்கி வந்தேன். போகிறவர்கள் முதலிலேயே அப்படிக் கேட்டு வாங்கிவிடுங்கள். ரிப்போர்ட் மாலை ஆறு மணி என்று சொல்லிவிட்டு மறுநாள் பதினோரு மணிக்குத்தான் வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் டாக்டருக்கே படம் பார்க்கத் தெரிந்ததால் பிழைத்தோம். சென்டர் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் சின்னது, வீல்சேர் திருப்ப இடமில்லை. கால் உடைந்தவர்கள் வருகிற இடத்தில் இது பெரிய குறை. ஒரு தடவைக்கு எங்களிடம் 3,500 ரூபாய் வாங்கினார்கள், பில் கொடுத்தார்கள். வாரக்கூலிக்காரர்களுக்கு இது லேசான தொகை இல்லை.

கதிரைப் பற்றி அம்மாவுக்கு ரொம்பப் பயம். இயற்கையாகவே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம் எல்லோர் மேலும் கதிர் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, உலக சராசரி வருடத்துக்கு இரண்டு மூன்று மில்லிசீவர்ட் (கதிரை அளக்கும் அலகு). மணிக்கட்டு ஸ்கேன் அதில் ஒரு சின்னத் துளிதான், கையில் கதிரால் எளிதில் பாதிக்கப்படும் உறுப்புகள் இல்லை என்பதும் ஒரு காரணம். இடுப்பு, முதுகு என்று வந்தால் கணக்கு வேறு. கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று தோன்றினாலோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, எக்ஸ்ரே, சிடி எடுக்கும் எந்த இடத்துக்குப் போனாலும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். இங்கே வரவேற்பறைச் சுவரிலேயே மாட்டியிருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் இந்த ஸ்கேனே போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இதில் எலும்பு நன்றாகத் தெரியும், ஆனால் தசை, நார், குருத்தெலும்பு தெளிவாகத் தெரியாது. முழங்காலில் ஜவ்வு கிழிந்ததா என்று பார்க்க இதை எடுத்தால் பணம் வீண், அதற்கு எம்ஆர்ஐதான். ஸ்கேபாய்டிலேயே, விரிசல் விழுந்த புதிதில் எலும்புக்குள் நீர் கோத்திருப்பதைக் காட்டுவது எம்ஆர்ஐ, அந்த விஷயத்தில் இதைவிடக் கூர்மை. முறிவு எவ்வளவு விலகியிருக்கிறது, எலும்பு சேர்ந்ததா என்பதற்கு இந்த வகைப் படம். எது வேண்டும் என்று டாக்டர் சொல்லட்டும், ஏன் என்று நாம் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது தடவையும் அதே டெக்னீஷியன்தான். தம்பியைப் பார்த்ததும் "அண்ணா, இப்ப தோள் தானா இறங்கி இருக்கே" என்றார். படத்தில் ஸ்க்ரூவைச் சுற்றி உலோகத்தால் வரும் கீற்றுகள் கொஞ்சம் இருந்தன, அதையும் மீறி எலும்பின் இடுப்பு தெரிந்தது. கறுப்புக் கோடு இருந்த இடத்தில் முக்கால்வாசி வெள்ளையாக மூடியிருந்தது, உள்ளங்கைப் பக்கம் மட்டும் ஒரு கீறல் மிச்சம். பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டது, இழைப்புளி பிடிக்கலாம், கனமான சுத்தியல் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வேண்டாம் என்றார் டாக்டர். அடுத்த ஸ்கேன் ஆறாவது மாதம். பென்டிரைவைப் பையில் போட்டு வைத்திருக்கிறேன், அதே இடத்துக்குத்தான் போகிறோம்.